ஞாயித்துக்கிழமை திரும்பி வர்ற வழி

எங்க செயிலிங் க்ளப்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வீக்கெண்ட் க்ரூஸ் போடுவாங்க. சனிக்கிழமை காலைல கிளம்பி கரையோரமாவே போய், ஒரு குடாவுல நங்கூரம் போட்டு ராத்திரி தங்கிட்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வீடு வந்து சேர்றது, அவ்ளோதான் திட்டம். எழுதினா ரெண்டு வரி. நான் ஏழெட்டு தடவை போயிருக்கேன், அதுல ஒரே ஒரு தடவை திரும்பி வந்த கதையத்தான் இங்க எழுதப்போறேன். போன கதைல எழுத பெருசா ஒண்ணும் இல்ல, எல்லாரும் நல்லா சிரிச்சுக்கிட்டே போனோம்.

மொத்தம் 4 போட். நான் இருந்தது 30 அடி நீளம், அதுல 5 பேர். ஸ்கிப்பர் அண்ணன் (போட் அவரோடது, ரொம்ப வருஷமா ஓட்டுறவர்), சார்ட் (கடல் வரைபடம்) பார்க்குற அக்கா, எஞ்சின் விஷயம் தெரிஞ்ச ரிட்டயர்டு சார் ஒருத்தர், புதுசா க்ளப்ல சேர்ந்த தம்பி, அப்புறம் நான். போற இடம் 24 கடல்மைல், ஒரு கடல்மைல்னா 1.852 கிலோமீட்டர், ஆக 44 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கார்ல போனா முக்கால் மணி நேர சமாச்சாரம். இப்படி கார் கணக்குல யோசிக்கிறதுதான் முதல் தப்புன்னு அப்ப எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காத்து நேரா முதுகுப் பக்கம், 15 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல்மைல்). முழு பாயும் விரிச்சு 6 நாட் வேகத்துல போறோம், போட் ஆடவே இல்ல, வெயில் அடிக்குது, தம்பி காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், 'இவ்ளோதானா செயிலிங்'னு ஒரு மூஞ்சி. இங்க ஒரு கணக்கு சொல்லிடறேன், இது புரிஞ்சாத்தான் மீதிக் கதை புரியும். காத்து 15 நாட்ல பின்னாடி இருந்து வருது, நீங்க 6 நாட்ல அதே பக்கம் ஓடுறீங்க, அப்ப உங்க மேல படுறது வெறும் 9 நாட். இதே 15 நாட் காத்துல 5 நாட் வேகத்துல காத்தை எதிர்த்து சாய்வா போனீங்கன்னா படுறது கிட்டத்தட்ட 19. காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால 9க்கும் 19க்கும் ரெண்டு மடங்கு வித்தியாசம் இல்ல, நாலு மடங்குக்கும் மேல. அதே கடல், அதே காத்து, போட்டைத் திருப்பினதும் வேற உலகம். அலையும் அப்படித்தான், பின்னாடி இருந்து பார்க்குறப்ப அலையோட முதுகுதான் தெரியும், நுரை அவ்வளவா கண்ணுல படாது, கடல் சாதுவா இருக்குற மாதிரி இருக்கும். இப்பல்லாம் பின்காத்துல போறப்ப அரை மணிக்கொரு தடவை திரும்பிப் பின்னாடி பார்ப்பேன், 'இப்ப இதுக்குள்ளதான் திரும்பிப் போகணும்னா எத்தனை பாய் வெச்சிருப்பேன்'னு கேட்டுக்குவேன்.

போற வழில ஒரே ஒரு சம்பவம். சுக்கான் தம்பி கைல இருந்துச்சு, பின்காத்துல நேர் கோடா ஓட்டுறதுதான் புதுசா வர்றவங்களுக்குக் கஷ்டம், ஒரு அலை பின்னாடி தூக்கி விட்டதும் போட் கொஞ்சம் திரும்பிடுச்சு, காத்து மெயின் பாயோட அந்தப் பக்கம் புகுந்துடுச்சு, பூம் (அந்தப் பாயோட அடியைப் பிடிச்சிருக்குற நீளக் கட்டை) அப்படியே ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு வீசிட்டு வருது. அக்கா அப்பதான் காக்பிட்ல (சுக்கான்கிட்ட நாங்க உக்கார்ற பள்ளம்) எந்திரிக்கப் போனாங்க. ஸ்கிப்பர் அண்ணன் அவங்க தோளைப் பிடிச்சு அமுக்கி உக்கார வெச்சுட்டாரு, தலைக்கு மேல ஒரு ஜாண் தூரத்துல பூம் போச்சு, அந்தப் பக்கம் போய் நின்ன சத்தத்துல பாய்மரமே அதிர்ந்துச்சு. ஜைப் ஆகறதுன்னு இதைத்தான் சொல்லுவாங்க, நாமளா பண்ணா ஒண்ணுமில்ல, தானா ஆனா மண்டை உடையும். அதுக்கப்புறம்தான் பூமோட நுனில இருந்து ஒரு கயிறை முன்பக்கம் கொண்டுபோய் கட்டினோம், ப்ரிவென்டர். கிளம்பறப்பவே கட்டியிருக்கணும், 'சின்னக் காத்துதானே'ன்னு விட்டது.

நங்கூரம் போட்டது, நீந்தினது, ராத்திரி நாலு போட்டும் சேர்ந்து கும்மாளம் போட்டது எல்லாம் வழக்கம் போல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், நங்கூரச் சங்கிலி எவ்ளோ விடணும்னு கணக்கு போடறப்ப நிறையப் பேர் அந்த நேரத்து ஆழத்தை மட்டும் பார்ப்பாங்க. எங்களுக்கு ஆழம் 5 மீட்டர், தண்ணிக்கு மேல முன்பக்கம் வரைக்கும் 1 மீட்டர், ராத்திரி தண்ணி ஏறுறது 2 மீட்டர், ஆக மொத்தம் 8, அதுக்கு 5 மடங்குன்னு 40 மீட்டர் விட்டோம். பக்கத்துப் போட்காரங்க வெறும் 5ஐ வெச்சுக் கணக்கு போட்டுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோட டெக்ல ஓடிக்கிட்டு இருந்தாங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை.

காலைல ஆறு மணி ஃபோர்காஸ்ட்ல காத்து அதே பக்கத்துல இருந்துதான், 20 நாட், அப்பப்ப வீசறது 28 வரைக்கும், அலை ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டர்னதும் 'பரவால்லயே'ன்னு இருந்துச்சு. அந்த நம்பர் எல்லா அலையோட உயரமும் இல்ல, இருக்கறதுல பெரிய மூணுல ஒரு பங்கு அலைகளோட சராசரி, நடுவுல எப்பவாச்சும் ஒண்ணு அதுக்கு ரெண்டு மடங்கு வரலாம், அதாவது 3 மீட்டர். இது ஸ்கிப்பர் அண்ணனுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிஞ்சும் யாரும் வாயைத் தொறக்கல.

குடாவுல இருந்து வெளிய வந்து 3 மைல் போனா ஒரு முனை இருக்கு. முந்தின நாளே அக்கா கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க, காலைல 9 மணிக்கு அங்க நீரோட்டம் நின்னு திரும்புற நேரம், அந்த நேரத்துல முனையைத் தாண்டிடணும்னு. அதுக்குக் காரணம் இருக்கு. 9 மணிக்கு மேல நீரோட்டம் நாங்க போற பக்கமே ஓடும், கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்களுக்கு எதிர்காத்துங்கறதால அந்த நீரோட்டத்துக்கும் எதிர்காத்து. காத்து ஒரு பக்கம், தண்ணி எதிர்ப்பக்கம்னா அலை குட்டையாகி செங்குத்தா சுவர் மாதிரி நிக்கும். நீரோட்டம் திரும்பினதுல இருந்து மெதுவா ஆரம்பிச்சு மூணாவது, நாலாவது மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும், முனைகிட்ட தண்ணி ஒடுங்கி ஓடறதால இன்னும் மோசம். அதனால எட்டு மணிக்கெல்லாம் நங்கூரம் மேல வந்தாகணும்.

நாங்க கிளம்பினது பத்தே கால்.

யாரையும் தனியா குத்தம் சொல்ல முடியாது. ஒரு போட்ல சின்ன படகைத் தூக்கி ஏத்தறதுக்கு லேட்டு, இன்னொருத்தருக்கு நங்கூரம் சிக்கிக்கிச்சு, ராத்திரி கும்மாளத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் தூக்கம் தெளிய லேட்டு, அப்புறம் க்ரூப் போட்டோ. நாலு போட்டும் சேர்ந்துதான் போகணும்னு ஒரு பேச்சு இருந்ததால ரெடியா இருந்தவங்களும் காத்துக்கிட்டு இருந்தோம். கூட்டமா போறதுல பாதுகாப்பு இருக்குன்னு நினைக்கிறோம், இருக்கு, ஆனா கூட்டத்துல ஒரு வியாதியும் இருக்கு. அவங்க கிளம்பறாங்கன்னு நாங்க கிளம்பினோம், நாங்க கிளம்பறோம்னு அவங்க கிளம்பினாங்க, யாரு முடிவெடுத்தாங்கன்னு பின்னாடி கேட்டா யாருமே எடுக்கல.

ஒரே ஒரு போட் மட்டும் வரல. அந்த போட் ஸ்கிப்பர் ரேடியோல வந்து 'நாங்க இன்னிக்கு இங்கயே இருக்கோம், நீங்க பத்திரமா போங்க'ன்னு சொன்னாரு. எங்க காக்பிட்ல ஒரு சின்ன சிரிப்பு. நானும் சிரிச்சேன்.

முனைகிட்ட பதினொண்ணே கால் வாக்குல போய்ச் சேர்ந்தோம், நீரோட்டம் ஃபுல் வேகத்துக்குப் போயிக்கிட்டு இருக்குற நேரம். குடாவுக்குள்ள இருந்த வரைக்கும் மலை காத்தை மறைச்சுக்கிச்சு, அதனால முழு மெயின் பாயோட கிளம்பிட்டோம், முனையைத் தாண்டி ஒரு நூறு மீட்டர் போயிருப்போம், திடீர்னு போட் ஒரு பக்கமா சாஞ்சு தண்ணி டெக்குக்கு மேல ஓடுது, உள்ள கேபின்ல கட்டாம வெச்சிருந்த அத்தனையும் சரிஞ்சு விழுற சத்தம், தம்பி மூஞ்சில ரத்தமே இல்ல. ரீஃப் பண்ணணும், அதாவது பாயைச் சுருக்கணும். குடாவுக்குள்ள 5 நிமிஷ வேலை, இங்க 25 நிமிஷம் ஆச்சு. நானும் சாரும் ஹார்னஸ் கொக்கியை டெக்ல நீளமா கட்டியிருக்குற பட்டைல மாட்டிக்கிட்டு பாய்மரத்துக்கிட்ட தவழ்ந்து போனோம். ஸ்கிப்பர் மெயின் ஷீட்டை (பூமை இழுத்துப் பிடிக்கிற கயிறு) தளர்த்தினாரு, சார் ஹாலியார்டை (பாயை மேல ஏத்துற கயிறு) இறக்கினாரு, நான் பாயோட முன்பக்க வளையத்தை இழுத்து கொக்கில மாட்டணும், ஒவ்வொரு தடவையும் வளையம் கொக்கிக்கு நாலு விரக்கடை தூரம் வரைக்கும் வரும், அலை அடிச்சதும் கைய விட்டு பூமைப் பிடிச்சுக்குவேன், திரும்ப முதல்ல இருந்து. மூணாவது தடவை மாட்டுச்சு. நகம் ஒண்ணு போச்சு. ரீஃப் எடுக்கலாமான்னு முதல் தடவை தோணுறப்பவே எடுத்துடுன்னு ஊர்ல உலகத்துல இருக்குற எல்லா செயிலரும் சொல்லுவாங்க. எனக்கு அது பத்தாது, நங்கூரத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், காத்து கம்மியா இருந்தா பிரிக்க ரெண்டு நிமிஷம்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், ஆனா தம்பி கால் நடுவுல வர்ற பட்டையைப் போடல, தொந்தரவா இருக்குன்னு. அந்தப் பட்டை இல்லாம தண்ணில விழுந்தா ஜாக்கெட் மட்டும் மேல எழும்பும், ஆளு அதுக்குள்ள இருந்து நழுவிக் கீழ தொங்குவான். அக்கா அவனை நிக்க வெச்சு குழந்தைக்கு மாட்டுற மாதிரி மாட்டி விட்டாங்க.

காத்தை எதிர்த்துப் போறதுன்னா நேரா போக முடியாது, வளைஞ்சு வளைஞ்சு டேக் பண்ணித்தான் போகணும். எங்க போட் அலையோட சேர்ந்து காத்துக்கு ரெண்டு பக்கமும் 50 டிகிரி வெச்சு ஓடுச்சு, கணக்கு போட்டா 24 மைல் தூரம் 37 மைலா ஆயிடுது. வேகமும் நாலு, நாலரை நாட்தான். சனிக்கிழமை நாலு மணி நேரத்துல போன தூரம், ஞாயித்துக்கிழமை எட்டு மணி நேரத்துக்கும் மேல. இதை சனிக்கிழமையே ஒரு பேப்பர்ல போட்டுப் பார்த்திருந்தா பத்தே காலுக்குக் கிளம்பினா இருட்டுலதான் போய்ச் சேருவோம்னு தெரிஞ்சிருக்கும். எங்க எல்லார் மனசுலயும் 'போறப்ப நாலு மணி நேரம், வர்றப்ப ஒரு அஞ்சு ஆறு'ன்னுதான் இருந்துச்சு.

மத்தியானம் ஒரு மணிக்குள்ள ரெண்டு பேர் படுத்தாச்சு. தம்பி முதல்ல, அப்புறம் அக்கா. கடல் மயக்கத்துக்கு மாத்திரை வாந்தி வந்ததுக்கு அப்புறம் போட்டா அதுவும் வெளிய வந்துடும், கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியாச்சும் போட்டிருக்கணும், சிலதை முந்தின ராத்திரியே. தம்பி வாந்தி எடுக்க போட்டோட ஓரத்துக்கு ஓடப் பார்த்தான், ஸ்கிப்பர் 'பக்கெட்டுல எடுடா, இல்ல காக்பிட்லயே எடு, கழுவிக்கலாம், ஓரத்துக்கு மட்டும் போகாத'ன்னு கத்தினாரு. சரியான சத்தம்தான் அது. மயக்கத்துல இருக்குறவன் கம்பிக்கு மேல குனியறப்பதான் விழுவான். கொஞ்சம் தெளிஞ்சதும் அவன் கைல சுக்கானைக் குடுத்தோம், தொடுவானத்தைப் பார்த்து ஓட்டுன்னு, அரை மணி நேரத்துல கலர் திரும்பிடுச்சு. அக்காவுக்கு அந்த வைத்தியம் நடக்கல, ஏன்னா சார்ட் பார்க்க அவங்கதான் அடிக்கடி கீழ கேபினுக்குப் போகணும், கீழ போனாலே மயக்கம். சார்ட் பார்க்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கன்னு வெச்சிருந்தது யாரோட தப்பு? எங்களோடதுதான்.

ரெண்டரை மணிக்கு எஞ்சின் நின்னுச்சு.

நேரம் ஆகுதேன்னு பாயோட சேர்த்து எஞ்சினும் ஓட்டிக்கிட்டு இருந்தோம். முதல்ல சத்தம் கொஞ்சம் ஏறி இறங்கிச்சு, சார் தலையைத் தூக்கிப் பார்த்தாரு, அப்புறம் இருமின மாதிரி ரெண்டு தடவை, அப்புறம் அமைதி. ஸ்கிப்பர் உடனே செல்ஃப் அடிச்சாரு, திரும்ப அடிச்சாரு. சார் 'நிறுத்துங்க தம்பி, அடிக்காதீங்க'ன்னு கைய நீட்டிட்டாரு. காரணம், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம செல்ஃப் மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தா கூலிங்குக்கு எடுக்கற கடல் தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும், அதை வெளிய தள்ள புகை இருக்காது, சைலன்சர் நிறைஞ்சு எஞ்சினுக்குள்ளயே தண்ணி ஏறிடும். அப்புறம் அந்த எஞ்சினை மறந்துட வேண்டியதுதான்.

சார் கேட்ட முதல் கேள்வி, 'டேங்க் கடைசியா எப்ப கழுவினீங்க?' ஸ்கிப்பர் அண்ணன் பதில் சொல்லல. டீசல் டேங்க் அடில வருஷக்கணக்கா தண்ணியும் அழுக்கும் பாசி மாதிரி ஒண்ணும் சேர்ந்து கிடக்கும், அமைதியான கடல்ல அது பாட்டுக்குத் தூங்கும், அலைல போட் குதிக்கிறப்ப மொத்தமும் கலங்கி ஃபில்டருக்கு வந்து அடைச்சுக்கும். அதனாலதான் எஞ்சின் எப்பவுமே வேணுங்குற நேரமா பார்த்து நிக்குது, நேரம் சரியில்லன்னு எல்லாம் இல்ல, குலுக்கினா கலங்கும், அவ்ளோதான்.

அடுத்து நடந்ததுதான் அன்னிக்கு நாங்க பண்ண ஒரே நல்ல காரியம். இந்த ஆட்டத்துல சார் கீழ உக்காந்து வேலை பார்க்க முடியாது. அக்கா சார்ட்டைப் பார்த்து 'காத்து தள்ளுற பக்கம் கரை 5 மைல் தள்ளி இருக்கு, இடம் இருக்கு'ன்னு சொன்னாங்க. ஸ்கிப்பர் ஒரு டேக் பண்ணாரு, ஆனா முன்பாயோட கயிறை அவிழ்க்காம அப்படியே விட்டுட்டாரு. முன்பாய் தப்பான பக்கத்துல காத்தைப் பிடிச்சு மூக்கை ஒரு பக்கம் தள்ளுது, சுக்கானைக் காத்து வர்ற பக்கமா திருப்பிக் கட்டிட்டாரு, அது மூக்கை மறுபக்கம் தள்ளுது, ரெண்டும் மல்லுக்கட்டி ஒண்ணுக்கொண்ணு சரியாப்போச்சு. போட் நின்னுடுச்சு. நிஜமாவே, யாரோ ஸ்விட்ச்சை அணைச்ச மாதிரி, தண்ணி அடிக்கிற சத்தம் போச்சு, ஆட்டம் போச்சு, ஒரு மைல், ஒன்றரை மைல் வேகத்துல பக்கவாட்டுல மெதுவா நழுவிக்கிட்டு இருந்தோம். ஹீவ்-டு ஆகறதுன்னு பேரு. க்ளாஸ்ல படிச்சது, அன்னிக்கு வரைக்கும் நான் ஒரு தடவை கூட பண்ணிப் பார்த்ததில்ல. எல்லாரும் தண்ணி குடிச்சோம், அக்கா முதல் தடவையா ஏதோ சாப்பிட்டாங்க.

சார் கூட டார்ச் பிடிக்க நான் போனேன். ஃபில்டர் கிண்ணத்துல டீசல் கலர்லயே இல்ல, அடில தண்ணி, அதுக்கு மேல கறுப்பா தயிர் மாதிரி. டேங்க் குழாயை மூடி, கிண்ணத்தைக் கழட்டி, புது ஃபில்டர் (நல்ல வேளை ஒண்ணு இருந்துச்சு, ஒண்ணே ஒண்ணு) மாட்டினாரு. அதுக்கப்புறம் உள்ள புகுந்த காத்தை வெளியேத்தணும், டீசல் எஞ்சின் லைன்ல கொஞ்சம் காத்து இருந்தாலும் ஓடாது. எஞ்சின்கிட்ட இருக்குற ரெண்டாவது ஃபில்டர் தலைல ஒரு சின்ன ஸ்க்ரூ, அதைத் தளர்த்திட்டு, பம்ப்ல இருக்குற குட்டி லீவரை விரலால அழுத்திக்கிட்டே இருக்கணும். சார் அழுத்தறாரு, அழுத்தறாரு, லீவர் லொடலொடன்னு ஆடுது, டீசலும் வரல, காத்தும் வரல. பம்ப் போச்சுன்னு எனக்கு வயித்தைக் கலக்குது. அவரு பதட்டமே படல, எஞ்சின் முன்னாடி இருக்குற பெரிய நட்டுல ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால ஒரு சுத்து சுத்தினாரு, திரும்ப லீவரை அழுத்தினா இப்ப இறுக்கமா இருக்கு! பம்ப்பை உள்ள இருந்து தள்ளுற கேம் மேட்டுல நின்னுடுச்சுன்னா கைல அழுத்தறதுக்கு வேலையே இருக்காது, ஒரு சுத்து சுத்தினா இறங்கிடும். இது எந்த க்ளாஸ்லயும் எனக்கு யாரும் சொன்னதில்ல. முதல்ல நுரை நுரையா வந்துச்சு, அப்புறம் பெரிய குமிழி, அப்புறம் குமிழி இல்லாத டீசல், அழுத்திக்கிட்டே இருக்குறப்பவே நான் ஸ்க்ரூவை இறுக்கினேன். செல்ஃப் அடிச்சதும் ரெண்டு தடவை தடுமாறிட்டுப் பிடிச்சுக்கிச்சு. மொத்தம் ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம் ஆகியிருந்துச்சு, என் சட்டை முழுக்க டீசல்.

இங்க ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லணும், இதுக்காகத்தான் இதை எழுதவே ஆரம்பிச்சேன். அந்த ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம் நாங்க சும்மா மிதந்துக்கிட்டு இருந்தப்ப வீட்டுக்கு இன்னும் 11 மைல் எதிர்காத்துல, கிளம்பின குடாவுக்கு 13 மைல் பின்காத்துல. திரும்பிப் போயிருந்தா எஞ்சினே இல்லாம, முன்பாயை மட்டும் வெச்சு, ரெண்டரை மூணு மணி நேரத்துல வெளிச்சத்தோட அதே இடத்துல நங்கூரம் போட்டுத் தூங்கியிருக்கலாம். ரெண்டு பேருக்கு மயக்கம், எஞ்சின் சந்தேகம், ஃபில்டர் வேற கைல இல்ல, மூணு மணிக்கு நீரோட்டம் எங்களுக்கு எதிரா திரும்பப்போகுது, இருட்டப்போகுது. புதுசா ஒருத்தர் வந்து பார்த்தா 'திரும்புங்கடா'ன்னு ஒரே வார்த்தைல சொல்லியிருப்பாரு. எங்க 5 பேர்ல ஒருத்தர் வாய்லயும் அந்தப் பேச்சு வரல. தம்பிக்கு திங்கட்கிழமை பரீட்சை, எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங், அக்கா வீட்டுல குழந்தை, ஸ்கிப்பருக்கு மத்த ரெண்டு போட்டும் போயிடுச்சேன்னு. கடல்ல ஆபத்தான சாமான் எதுன்னு கேட்டா நான் பூமையும் சொல்ல மாட்டேன், எஞ்சினையும் சொல்ல மாட்டேன், காலண்டரைத்தான் சொல்லுவேன். சனிக்கிழமை போறப்ப யாருக்கும் அவசரம் இல்ல, காத்து சரியில்லன்னா போகாம இருந்திருப்போம், ஞாயித்துக்கிழமை அந்த சாய்ஸே இல்லன்னு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம்.

சரி, மேல போவோம். இருட்டு ஆறரை மணிக்கு மேல விழுந்துச்சு, துறைமுகம் இன்னும் 6 மைலுக்கு மேல. சொந்தத் துறைமுகம்தான், பகல்ல நூறு தடவை உள்ள போயிருக்கேன், ராத்திரில எனக்கு அடையாளமே தெரியல. கரை முழுக்க விளக்கு, தெரு விளக்கு, கார் விளக்கு, சிக்னல், அதுக்கு நடுவுல எது மிதவை விளக்கோட சிவப்பு, எது ட்ராஃபிக் சிவப்புன்னு கண்டுபிடிக்கறது எப்படி? அக்கா சொன்ன வழி, நிறத்தைப் பார்க்காத, தாளத்தைப் பாரு. சார்ட்ல ஒவ்வொரு விளக்குக்கும் எத்தனை செகண்டுக்கு எத்தனை தடவை மின்னும்னு போட்டிருக்கும், வாட்ச்சை வெச்சு எண்ணிப் பார்த்துதான் முடிவு பண்ணணும். எண்ணி எண்ணி ஒண்ணைப் பிடிச்சோம், அதுல இருந்து அடுத்தது. கேபின் வெள்ளை லைட்டை யாரும் போடக்கூடாதுன்னு சட்டம், இருட்டுக்குக் கண்ணு நல்லா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், ஒரு செகண்ட் டார்ச்சை மூஞ்சில அடிச்சா எல்லாம் போச்சு, அதனால சிவப்பு லைட்தான்.

நடுவுல ஒரு கப்பல். பச்சையும் சிவப்பும் ரெண்டும் தெரியுது, அப்படின்னா நேரா நம்மளைப் பார்த்து வருது. பாய்க்கப்பலுக்கு எஞ்சின் கப்பல் வழி விடணும்னு 1972 சர்வதேச விதிகள்ல இருக்கு, ஆனா நாம எஞ்சினைப் போட்டு ஓடிக்கிட்டு இருந்தா பாய் விரிச்சிருந்தாலும் நாமளும் எஞ்சின் கப்பல்தான், அப்புறம் குறுகலான சேனல்ல பெரிய கப்பலுக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னும் அதே விதில இருக்கு. ஸ்கிப்பர் கை காம்பஸ்ல அது இருக்குற திசையைப் பார்த்தாரு, ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்த்தாரு, டிகிரி மாறல. திசை மாறாம கிட்ட வருதுன்னா மோதும்னு அர்த்தம். 18 நாட்ல வர்ற கப்பல் 10 நிமிஷத்துல 3 மைல் வந்துடும். யோசிக்காம நல்லா தெரியுற மாதிரி பெருசா திரும்பி, அதோட வழியை விட்டு விலகிட்டோம். கொஞ்சம் கொஞ்சமா திரும்பினா அவங்களுக்கு நாம என்ன பண்றோம்னே தெரியாது. அது தாண்டிப் போனதுக்கு அப்புறம் வந்த அலைல என் கைல இருந்த ஃப்ளாஸ்க் போச்சு.

ரேடியோ பத்தி ஒரு வார்த்தை. மத்த போட்டுங்களோட மணிக்கொரு தடவை சேனல் 72ல பேசுறதுன்னு பேச்சு, எமர்ஜென்சிக்கு 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஒரு போட்ல கைல பிடிக்கிற 5 வாட் செட்டு மட்டும்தான், அவங்க பேசுறது எங்களுக்குக் கேட்கவே இல்ல, எங்க 25 வாட் செட்டுக்குப் பாய்மர உச்சில ஆன்டெனா இருக்கறதால நாங்க பேசுறது அவங்களுக்குக் கேட்டுச்சாம். 'நாங்க நல்லா இருக்கோம்'னு அவங்க பத்து தடவை சொல்லியிருக்காங்க, நாங்க அவங்க முழுகிட்டாங்களோன்னு கன்னத்துல கை வெச்சு உக்காந்திருந்தோம். அதைவிட மோசம் கரைல. எத்தனை மணிக்கு வருவோம்னு வீட்டுல சொல்லியிருந்தோம், அஞ்சு மணின்னு. எத்தனை மணிக்கு மேல கவலைப்படணும், அப்ப யாருக்கு போன் பண்ணணும்னு சொல்லல. எட்டு மணிக்கு போன்ல சிக்னல் வந்ததும் அக்காவுக்கு 14 மிஸ்டு கால். இப்ப நான் வீட்டுல ஒரு பேப்பர்ல ரெண்டு நேரமும் எழுதி ஒட்டிட்டுத்தான் கிளம்பறேன், போட் பேரு, கலர், எத்தனை பேர், ஸ்கிப்பர் நம்பர் எல்லாம் சேர்த்து.

ஒன்பது ஐம்பதுக்கு ஜெட்டில கட்டினோம். தம்பி கயிறோட கரைக்குக் குதிச்சவன் கால் நடுங்கி அப்படியே உக்காந்துட்டான். யாரும் யாரோடயும் பெருசா பேசல. ஸ்கிப்பர் அண்ணன் மட்டும் கயிறெல்லாம் சுத்தி வெச்சதுக்கு அப்புறம் 'மத்தியானமே திரும்பியிருக்கணும்ல?'ன்னு கேட்டாரு. சார் 'ஆமா தம்பி'ன்னாரு. அடுத்த சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து அந்த டேங்க்கைத் தொறந்தோம், அரை பக்கெட் கறுப்புக் கூழ் வந்துச்சு.

குடாவுலயே தங்கின அந்த போட்? அதுல அவசரமா போக வேண்டியிருந்த ரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை மத்தியானமே கரை இறங்கி ரோடு வழியா வீட்டுக்கு வந்துட்டாங்க, நாங்க நடுக்கடல்ல முட்டி மோதிக்கிட்டு இருந்தப்ப அவங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. மீதி ரெண்டு பேர் செவ்வாய்க்கிழமை காத்து பக்கவாட்டுக்கு மாறினதும் அஞ்சு மணி நேரத்துல கொண்டாந்து கட்டிட்டாங்க, சட்டை நனையல. அந்த ஸ்கிப்பரைப் பார்த்து, எப்படி அன்னிக்கு அவ்ளோ சுலபமா முடிவெடுத்தீங்கன்னு கேட்டேன். 'அன்னிக்கு எங்க எடுத்தேன், திங்கள் செவ்வாய் லீவ் போட்டுட்டுத்தானே கிளம்பினேன்'னு சொன்னாரு.

போன வாரம் அடுத்த க்ரூஸுக்குப் பேர் குடுத்தேன். கையோட ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவ் கேட்டு மெயில் போட்டேன். வீக்கெண்ட் ட்ரிப்புக்கு எதுக்குப்பா திங்கள் செவ்வாய்னு மேனேஜர் கேட்டாரு. காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரியல சார்னு சொன்னேன்.